ஏழுமலை ‘நல்லாருக்கு’ன்னு சொல்ல மாட்டார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதிப் பேர் காபி டம்ளரும் கையுமாக செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ கால். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மஞ்சுளா கூப்பிட்டிருந்தாள்.

திரையில் அவள் புருஷன் ஏழுமலை. அவர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப். டப் நிறைய ஏரி நண்டு — ஒவ்வொன்றும் ஒரு கை அகலம். பார்க்கும்போதே எனக்கு மிளகு வாசனை வந்துவிட்டது.

போனைப் பிடித்திருந்த மஞ்சுளாவின் குரல் கேட்டது. “மாமா, இன்னிக்கு நண்டு எப்டிகீது? சொல்லு.”

ஏழுமலை கேமராவைப் பார்த்தார். டப்பைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து நண்டுகளின் மேல் போர்த்தினார்.

“இன்னா நண்டு... ஒண்ணும் சொல்றாப்ல இல்ல. சும்மா நாலு கெடக்குது.”

அன்றைக்கு எத்தனை ஆர்டர் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லை.

இந்தக் கூத்துக்கு ஆரம்பம் நான்தான். பறவை பார்க்க பழவேற்காடு போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் மஞ்சுளா. திருப்பாலைவனத்தில் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. விடிவதற்கு முன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு இறக்கிவிடும்.

“எம் பொண்ணுக்குத் தல பின்னி வுட்டு எத்தினி நாளாச்சு தெரியுமாக்கா?” என்றாள்.

சும்மா இருக்குமா என் வாய்? “உன் வீட்டுக்காரர் பிடிக்கிற நண்டை வீடியோவில் காட்டி, எங்க பில்டிங்குக்கு நேரா வித்தா என்ன?” என்று கேட்டுவிட்டேன். டிஜிட்டல், டைரக்ட், ஆத்தென்டிக் என்று தெரிந்த நாலு வார்த்தையையும் எடுத்துவிட்டேன். பாவம், நம்பிவிட்டாள்.

கம்பெனியில் லீவு கேட்டாள். “மாசக் கடைசி வரைக்கும்தான் உன் இடத்தை வெச்சிருப்பேன்” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்குள் வியாபாரம் பிடித்துக்கொண்டால் மகளுக்குத் தினமும் தலை பின்னலாம். இல்லையென்றால் மறுபடியும் வேன்.

அப்படி ஆரம்பித்த வியாபாரத்தில்தான் முதல் நாளே மனுஷன் சாக்கைப் போட்டு மூடினார். உடனே மஞ்சுளாவுக்கு போன் செய்தேன். “உன் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கலையா?”

“அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. இங்க எல்லாருமே அப்டித்தான். படகு ரொம்பி வந்தாலும், கரையில யார்னா கேட்டா ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. நல்லாகீதுன்னு வாயால சொன்னா கண்ணு பட்ரும். இல்லாங்காட்டி, நாளைக்கு அதே எடத்துல பத்து வல வுழும். இவரோட நைனா இருக்காரே... எங்க மாமனாரு... செத்தாலும் நல்லாகீதுன்னு சொல்ல மாட்டாரு.”

சரக்கை மூடிவைத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி விற்கிற ஒரே ஆன்லைன் வியாபாரம் உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். எந்த மார்க்கெட்டிங் கிளாஸில் இதற்குப் பாடம் இருக்கிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மஞ்சுளா புருஷனைப் பழக்கிவிட்டாள். கேமரா முன்னால் ஏழுமலை தொண்டையைக் கனைத்தார். ஊசி போடக் காத்திருப்பவர் மாதிரி கண்ணை மூடினார். “நண்டு... நல்லாகீது” என்றார். சொன்ன கையோடு தூ, தூ, தூ என்று மூன்று தடவை துப்பினார். எல்லாம் வீடியோ காலில்தான். நான்காவது மாடி மாமி லைனைக் கட் பண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் ஏரியில் ஏதோ முட்டி ஏழுமலையின் வலை கிழிந்தது. “பாத்தியா?” என்று ஒரே வார்த்தைதான் கேட்டாராம். அதற்குப் பிறகு யார் சொல்லி அவர் கேட்பார்?

சரி, அவரை மாற்ற முடியாது; எங்கள் பில்டிங்கை மாற்றுவோம் என்று களத்தில் இறங்கினேன். குரூப்பில் நீளமாக ஒரு மெசேஜ் போட்டேன். பழவேற்காட்டு மீனவர்கள் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள், ஏழுமலை எவ்வளவுக்கு எவ்வளவு அலுத்துக்கொள்கிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு நண்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் — இப்படி ஒரு ஆராய்ச்சியாளர் தோரணையில் விளக்கினேன்.

பிடித்துக்கொண்டது! மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை “இன்னாத்த சொல்றது...” என்று ஆரம்பிப்பதற்குள் ஆர்டர் குவிந்தது. மஞ்சுளா ஈரச் சாக்கில் நண்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில் என்று ஓடி வந்து, மதியத்துக்குள் எங்கள் கேட்டில் நின்றாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கு எங்கள் பில்டிங் முழுக்க நண்டு மசாலா மணம்.

பில்டிங்கில் அந்தப் பேச்சே ஃபேஷனாகிவிட்டது. லிஃப்ட்டில் ஒருவரை “எப்படி சார் இருக்கீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்றாப்ல இல்ல” என்றார். புதுக் கார் வாங்கியிருக்கிறாராம். நானும் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வந்தது மாதத்தின் கடைசி ஞாயிறு. மஞ்சுளாவின் வேலை விஷயம் முடிவாக வேண்டிய நாள்.

டப்பில் பெரிய பெரிய நண்டுகள். ஏழுமலை ஒன்றை எடுத்து ஓட்டின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினார். அமுங்கியது. “இன்னிக்கு சரியில்ல. எல்லாம் தண்ணி நண்டு. உள்ள சதையே இருக்காது. வேணாம்.”

குரூப்பில் ஒரே சிரிப்பு ஸ்மைலி. ‘ஏழுமலை சார் ஃபுல் ஃபார்ம்!’ ‘வேணாம்னே சொல்லிட்டாரா? அப்போ எனக்கு மூணு கிலோ!’ ‘எனக்கும்!’ ‘எனக்கும்!’ இதுவரை வாங்காத நான்காவது மாடி மாமிகூட ஆர்டர் போட்டார்.

“அய்யோ, நெஜமாத்தாங்க சொல்றாரு!” என்று மஞ்சுளா கத்தினாள். அதற்கும் சிரிப்பு ஸ்மைலிதான் வந்தது. நான் எழுதின வியாக்கியானம் அல்லவா அது? ஓட்டை உடைத்தால் வெறும் தண்ணீர் ஓடும் நண்டை இத்தனை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த வாரம் இவளிடம் யார் வாங்குவார்கள்? அனுப்பாவிட்டாலோ, நாளைக் காலையில் வேன் வாசலில் வந்து நிற்கும்.

மஞ்சுளா போனை டப்புக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “கயித்த அறுத்து வுட்டுரு மாமா.”

ஏழுமலை அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். டப்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்க் குந்தினார். மஞ்சுளாவும் போனோடு பின்னாலேயே போனாள். ஒரு நண்டை எடுத்தார். கொடுக்கைக் கட்டியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்தார். தண்ணீரில் விட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு நாள் உழைப்பு முழுக்க, எங்கள் கண் முன்னாலேயே பக்கவாட்டில் நடந்து ஏரிக்குள் போனது.

எங்கள் குரூப்பில் ஒரு ஸ்மைலி இல்லை.

எங்கள் பில்டிங்குக்கு மீன் கொண்டுவந்து தரும் ஆப்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றிலும் எல்லா நாளும் எல்லாமே ஃப்ரெஷ்தான், எல்லாமே ப்ரீமியம்தான். ‘இன்றைக்கு வாங்காதீர்கள்’ என்று ஒன்றாவது சொல்லியிருக்கிறதா? செல்போன் என்ன செய்தது? ஏரிக்கரையை எங்கள் சோபாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டது. பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரையில் உட்கார்ந்து கயிறு அறுக்க ஒரு ஆள் வேண்டும். ‘அறுத்து விடு’ என்று சொல்ல இன்னொரு ஆளும் வேண்டும்.

முதலில் வாயைத் திறந்தவர் மூன்றாவது மாடி ரிடையர்ட் பேங்க் மேனேஜர். லிஃப்ட்டில் லைட் எரிந்தாலும் குறை, எரியாவிட்டாலும் குறை சொல்பவர். ‘அடுத்த ஞாயிறு எனக்கு இரண்டு கிலோ. எது அனுப்பலாம் என்று அவரே முடிவு செய்யட்டும்’ என்று எழுதினார். அதன் கீழேயே வரிசையாக மற்றவர்கள். சாயங்காலத்துக்குள் என் நாத்தனார் இருக்கும் மாதவரம் பில்டிங்கிலிருந்தும் ‘எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை வேன் அவள் வீட்டு வாசலில் நிற்காமல் போனதாம். சூப்பர்வைசரிடம் முந்தின நாள் சாயங்காலமே “நான் வரல சார்” என்று சொல்லிவிட்டாளாம்.

நேற்று போன் செய்தேன். ஸ்கூல் கிளம்பும் நேரம் போலிருக்கிறது. “ஆடாம நில்லுடி, கோணலாப் போவுது” என்று மகளை அதட்டிவிட்டு வந்தாள்.

“எப்படிப் போகுது மஞ்சுளா வியாபாரம்?”

“அட, போங்கக்கா...” என்று குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணும் சொல்றாப்ல இல்ல.”

நானும் போனுக்கு இந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் ஒரு தடவை ‘தூ’ என்று துப்பிவிட்டு, அடுத்த ஞாயிறுக்கு ஒரு கிலோ சொல்லிவைத்தேன்.