என் வாய்க்கொழுப்பில் போன ஓட்டு

எனக்கு வாய் நீளம். வீட்டிலும் சரி, வேலை பார்க்கும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலும் சரி, அதற்குப் பேர் போனவன். அந்த வாயால் எத்தனையோ இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் என் தலையோடு போயிற்று. ஒரே ஒரு தடவை அது என் அப்பாவின் தலையில் போய் விழுந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

புயல் அடித்த அன்று காலையிலேயே அயனம்பாக்கத்தில் கரென்ட் போய்விட்டது. எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு வேப்பமரம் சாய்ந்து கிடந்தது. முதல் நாள் இன்வெர்ட்டர் ஓடியது. மறுநாள் அதுவும் கீக்கீ என்று கத்திவிட்டு அடங்கியது. தெருவில் முழங்கால் அளவுக்கு ஏரித் தண்ணீர், மோட்டார் ஓடாததால் குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அரைத்து வைத்த மாவு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே புளித்துப் பொங்கி வழிந்தது. கரென்ட் ஆபீஸுக்குப் போன் போட்டால் எப்போதும் லைன் பிஸி.

அப்பாவுக்கு வீசிங் உண்டு. தினமும் நெபுலைசர் வைக்க வேண்டும், அதற்குக் கரென்ட் வேண்டும். மூன்றாம் நாள் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருக்கும் என் தங்கை வீட்டில் கரென்ட் வந்துவிட்டது என்று தெரிந்ததும், வீட்டைப் பூட்டிக்கொண்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக மெயின் ரோடு வரைக்கும் நடத்திக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினேன்.

மனுஷனுக்கு அப்போதும் மூச்சைவிட ஒரு காகிதம்தான் பெரிய கவலையாக இருந்தது. வாக்காளர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த சமயம் அது. வீடு வீடாக ஃபாரம் கொடுத்திருந்தார்கள். எழுதித் திருப்பிக் கொடுக்காதவர் பெயர் பட்டியலில் இருக்காது. நானும் என் மனைவியும் புயலுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். அப்பா மட்டும், பழைய போட்டோவில் களையாக இல்லை, புதுசாக எடுத்து ஒட்டித்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்தார். ஸ்டுடியோவுக்குப் போகவேண்டிய நாளில் புயல் வந்துவிட்டது.

சிரிப்பாக இருக்கும். ஆனால் அவருக்கு ஓட்டு என்றால் அப்படித்தான். ஏரிக்கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. தாத்தா அந்த நிலக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பாராம். ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும் அந்த நிலக்காரரும் தாத்தாவும் ஒரே க்யூ. தாத்தா முன்னால் நின்றால் அவர் பின்னால்தான். சின்ன வயதில் அதைப் பார்த்த அப்பா, ஓட்டுரிமை வந்ததிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. எனக்கு நிச்சயித்த நாளில் ஓட்டுப்பதிவு வந்தபோது, பெண் வீட்டாரையே அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுப் போனவர்.

ஆவடிக்குப் போன மூன்றாம் நாள் போன் வந்தது. எங்கள் பகுதி அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண், அப்பாவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். ஃபாரம் வாங்கும் வேலையையும் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்கள். நான் அப்போது கரென்ட் ஆபீஸுக்குப் போன் அடித்து அடித்து வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, பெரியப்பா ஃபாரம் மட்டும் பாக்கி கீது. மூணு தபா வந்துட்டேன், ஊடு பூட்டியே கீது. எப்ப வருவீங்க?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து நாளில் அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன்.

"கரென்ட்டுக்கு ஒருத்தனும் வர்ல, ஓட்டுக்கு மட்டும் மூணு தபா வந்தியா? நாங்க ஊட்டையே காலி பண்ணிகினு போய்ட்டோம். இனிமே அந்தப் பக்கமே வரமாட்டோம். அப்டியே எழுதிக்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். கட் பண்ணிவிட்டேன். நன்றாகக் கேட்டேன் என்று ஒரு திருப்தி வேறு. அவர் வீடு எங்களைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் புகுந்து கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டே அந்த ஃபாரங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டாம் நாள் கரென்ட் வந்தது, வீட்டுக்குத் திரும்பினோம். ஸ்டுடியோ திறந்ததும் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் போட்டோ எடுத்து, ஃபாரத்தில் ஒட்டி, என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோன நேரம் கடைசி நாள் முடிந்து, அங்கன்வாடியும் பூட்டியிருந்தது. பேர் எங்கே போய்விடப் போகிறது, பிறந்ததிலிருந்து இதே தெருவில் இருக்கிற மனுஷன் என்று நினைத்தேன். அந்தப் பெண் முகத்தில் விழிக்கவும் கூச்சமாக இருந்தது. கொடுத்தாச்சு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

சித்திரை வெயிலில் தேர்தல் வந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு பூத் சீட்டு இரண்டுதான் வந்தது. அப்பாவிடம், உங்களுடையது தனியாக வரும் என்று சமாளித்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு தேர்தல் ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரில் தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். அப்பா பெயருக்கு நேரே 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்' என்று இருந்தது.

யார் சார் எழுதினது என்று கத்தப் போனேன். யார் எழுதச் சொன்னது என்று எனக்குத் தெரியாதா? கெஞ்சினேன். ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறேன் என்றேன். சேர்க்கும் தேதி எல்லாம் முடிந்துவிட்டது, தேர்தலுக்கு அப்புறம் மனு கொடுங்கள் என்றார். அவரும் என்னதான் செய்வார். ஊரையே விலைபேசும் என் வாய் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும்போது சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். நாள் போய்க்கொண்டே இருந்தது.

ஓட்டுப்பதிவு அன்று காலை ஏழு மணிக்கே அப்பா வெள்ளை வேட்டியோடு தயாராக நின்றார். சீட்டு வரவில்லையே என்று மெதுவாக ஆரம்பித்தேன். அட்டை கையில் இருக்கும்போது சீட்டு என்ன சீட்டு என்று, வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

பள்ளிக்கூட வாசலில் பட்டியலை வைத்துக்கொண்டு அதே பெண் உட்கார்ந்திருந்தார். அப்பா அட்டையை நீட்டினார். அவர் பார்க்காமலே, பேர் இல்லை பெரியப்பா, எடுத்துட்டாங்க என்றார். குடிபெயர்ந்துவிட்டதாக இருக்கிறது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் எங்கம்மா போனேன்? பொறந்ததுலருந்து இங்கயேதானே கீறேன். உன்ன இத்துனூண்டுல இருந்து பாத்துகினு கீறேன், நீயே இப்டி எழுதிட்டியா?"

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே செத்திருப்பேன். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"என் தப்புதான் பெரியப்பா. நான்தான் சரியா விசாரிக்கல."

அப்பாவுக்கும் என் வாய்தான். க்யூவில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கிழித்தார். சம்பளம் வாங்குகிறாயே வெட்கமில்லையா என்றார், உன் வீட்டுப் பெரியவருக்கு இப்படிச் செய்வாயா என்றார். மூச்சு இழுத்ததால்தான் நிறுத்தினார். அந்தப் பெண் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் வைத்தார். என் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

அப்பா உட்கார்ந்தபடியே, நீயாவது போய்ப் போட்டுவிட்டு வா என்றார். போனேன். ஓட்டுப் போட்டேன். எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று இன்று கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்றார்.

"அந்தப் பொண்ணு மேல ஒரு கம்ப்ளைன்ட் எழுதுடா. நீதான் நல்லா எழுதுவியே."

எழுதுறேன்பா என்றேன்.