லோர்னாவின் கோட்டு நேரம்

லோர்னா ஹாகன் முழங்காலாலேயே நடந்து வருகிறாள். தரை ஓடு பதிக்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டையை இரண்டு முட்டியிலும் மாட்டியிருக்கிறாள். அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நின்றுகொண்டு எந்தப் பிள்ளையிடமும் பேசியதில்லை. காலையில் ஊற்றிய காப்பி மத்தியானம் வரை ஆறிக் கிடக்கும். அதையும் விடமாட்டாள், குடித்துவிடுவாள்.

பிள்ளை விளையாடும் நேரம் பார்த்து நழுவுகிற பெற்றோரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வாசலில் மறித்துக்கொள்வாள். "போறேன்னு சொல்லிட்டுப் போங்க. அழட்டும். சாயங்காலம் சொன்னபடி வந்து நின்னா, நாளைக்கு உங்க பேச்சை நம்பும்."

அவள் படிப்பெல்லாம் மூன்றே வரிதான். "கைக்குழந்தை கூப்பிட்டா நாம ஓடணும். ரெண்டு வயசுல, அது கூப்பிடாம கிட்டப் போகக் கூடாது. நாலு வயசுல அது நமக்கு வேலை சொல்லும், செய்யணும்."

பனிக்காலத்தில் வெளியே விளையாடக் கிளம்புவதற்குள் அரைமணி போய்விடும். பிள்ளைகள் தாங்களேதான் கோட்டு மாட்ட வேண்டும். கோட்டைத் தரையில் விரித்து, அதோடு சேர்த்துத் தைத்த தொப்பி இருக்கும் பக்கம் நின்று, கைகளை நுழைத்துத் தலைக்கு மேல் வீசினால் தானாக ஏறிக்கொள்ளும். அதுவரை லோர்னா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். இல்லாவிட்டால் அவை உதவிக்குப் போய்விடுமாம்.

என் பேரன் எமெட், தங்கை பிறந்ததிலிருந்து கோட்டைத் தொடுவதில்லை. கையைத் தொங்கவிட்டு நிற்பான். தானே மாட்டினால்தான் பெரிய பிள்ளைகள் அறைக்குப் போக முடியும். அவன் சிநேகிதி ஹாட்டி முன்பே அங்கே மாறிவிட்டாள். அந்த அறைக் கதவின் கண்ணாடியில் தினமும் மூக்கை வைத்து நிற்கிறான். "நீயும் பாப்பாதானா?" என்று என் மருமகன் கர்ட் கேலி செய்தபோது லோர்னா விடவில்லை. "சொல்லிச் சொல்லியே அவனைத் தொட்டில்ல போட்டுடாதீங்க, கர்ட்."

போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன். மூன்று பிள்ளை வளர்த்தவள் நான். ஒரு கோட்டு மாட்டிவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் இப்போதும் கேட்பேன். எழுந்தேன்.

"உட்காருங்க ஐரீன். உங்க கையையும் அடியில வைங்க."

வைத்தேன்.

வெகுநேரம் கழித்து எமெட் கோட்டை விரித்தான். தொப்பிப் பக்கம் நிற்க வேண்டியவன் கீழ்ப்பக்கம் நின்றுவிட்டான். வீசினான். கோட்டு ஏறிவிட்டது, தலைகீழாக. தொப்பி பின்னால் வால் மாதிரி தொங்கியது.

"நானே போட்டேன்" என்றான்.

ஒரு பெண்பிள்ளை சிரித்தது. இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. கோட்டைக் கழற்ற அவன் கை போனது.

லோர்னா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள். கொக்கியில் தொங்கிய தன் பெரிய பச்சைக் கோட்டை இழுத்துத் தரையில் விரித்தாள். கீழ்ப்பக்கம் மண்டியிட்டு, கைகளை நுழைத்துத் தலைக்கு மேல் வீசினாள். பிறகு, தொப்பி இடுப்புக்குக் கீழே ஆட, எமெட்டுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்று, அவன் வெளிக்கதவைத் திறக்கக் காத்திருந்தாள்.