காட்டுக்குள் ஒரு வருகைப் பதிவு

வகுப்பறைக்கு வெளியே அறிவியல் பாடம் நடத்த எனக்கு அனுமதி கிடைத்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். கொடிமலை அடிவாரக் காட்டுப் பாதையில் எங்கே நின்றாலும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் பதில் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து தலைமையாசிரியைக்கு அனுப்ப வேண்டும்.

"ஒரு பிள்ளையோட குரல் கேக்கலன்னாலும் இதான் கடைசி சார். அப்புறம் புத்தகத்துலயே மரத்த பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டில் அப்பாவுக்கும் பிடிக்கவில்லை. அவர் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். "ஃபேன் காத்துல உக்காரட்டும்னு படிக்க வெச்சா, மறுபடி காட்டுக்குள்ள போறான் பாரு" என்று அம்மாவிடம் சொன்னார்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள், ஒன்பது வயது. துணைக்கு ஒரு மாணவியின் அப்பா வந்திருந்தார். ஜுரு என்ற ஊரில் ஃபேக்டரி வேலை, அன்று லீவு. மரவட்டை ஏன் சுருள்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அது சுருண்டு, விரிந்து, கிளம்பியே போய்விட்டது. மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

ஓடையருகே நின்று, பதிவை அழுத்தி, முதல் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுத்த பெயர். சில்வண்டுகள்தான் கத்தின. பிள்ளைகள் எல்லாரும் என் எதிரில்தான் நின்றார்கள், உதட்டை இறுக்கிக்கொண்டு.

ஒரு சிறுமி என் சட்டையை இழுத்து ரகசியமாகச் சொன்னாள்: "சார், காட்டுல பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. வேற யாராச்சும் கேட்டுக்குவாங்க. அம்மா சொன்னாங்க."

"வேற யாரு?"

"அதயும் சொல்லக் கூடாது லா, சார்."

ஒலி அலை, எதிரொலி என்று நான் ஆரம்பித்தேன். கூட வந்த அப்பா குறுக்கே வந்தார். "ஒண்ணு பண்ணுவோம் சார். நான் அந்தப் பக்கம் போயி உங்க முழுப் பேர சத்தமா கூப்பிடறேன். நீங்க பதில் சொல்லுங்க. பிள்ளைங்க பயம் போயிடும்."

"வேணாம் அண்ணே" என்றேன். யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஒரு தவளை ஓடைக்குள் குதித்தது.

கடைசியில் ஒரு பையன்தான் கேட்டான், இங்கே பார்த்ததிலிருந்து ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்ளலாமா என்று. சரி, ஆனால் அந்தப் பேரைப் பற்றி ஒரு விஷயமாவது தெரிந்திருக்க வேண்டும் என்றேன். உடனே சண்டை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்குக்கு நான்கு பேர் போட்டி. "அட்டை என்னையத்தான் கடிச்சிச்சு, அது எனக்குத்தான்" என்று ஒருத்தி சொன்னபோது யாரும் எதிர்க்கவில்லை.

மறுபடி பதிந்தேன்.

"மரவட்டை?"

"இருக்கேன் சார்."

"காளான்?"

"சார்!"

"அண்ணே, நீங்க?"

"உடும்பு."

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியை அழைத்தார். "சார், என் பிள்ளைங்க எங்க? நான் காளானையும் அட்டையையுமா அனுப்பி வெச்சேன்?"

விளக்கினேன். இதுவே முதலும் கடைசியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அட்டைகிட்ட போன குடுங்க."

அவள் வாங்கி, மூச்சு விடாமல் சொன்னாள்: "டீச்சர், எனக்கு முன்னாலயும் ஒட்டும், பின்னாலயும் ஒட்டும். கடிச்சா வலிக்காது."

ஸ்பீக்கரில் இருந்தபடியே போன் என்னிடம் திரும்பி வந்தது. "எல்லாக் குரலும் அடையாளம் தெரியுது. அடுத்த வாரமும் போங்க, நானும் வரேன். ஆனா என் பேர நான்தான் வெச்சுக்குவேன். அதுங்ககிட்ட விட்டுடாதீங்க."

நான் போனை வைப்பதற்குள் பின்னால், டீச்சருக்கு என்ன பேர் வைப்பது என்ற விவாதம் தொடங்கியிருந்தது. உடும்பு அண்ணன் குரல்தான் அதில் சத்தமாகக் கேட்டது.