எந்த இலை மஞ்சள் என்று கேட்ட சல்மா ராத்தா

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கிண்ணியாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "சேர், உம்மா மௌத்தாப் போயிட்டா. அசருக்குப் பிறகு அடக்கம்" என்றார் சல்மா ராத்தாவின் மகள் நஸ்ரின். நான் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது, நானும் ராத்தாவும் வேலை செய்த நிலாவெளி விடுதியின் முகாமையாளர் எனக்கு முன்னரே வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். "எங்கட விசுவாசமான ஊழியர்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருடங்களுக்கு முன் ராத்தாவை வேலையிலிருந்து நிறுத்தியவர் அவர். நிறுத்துவதற்குக் காட்டிய அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து. அந்த விடுதியில் ராத்தாவோடு வேலை செய்தவர்களும், பின்னர் அவரைப் பற்றிக் கதைத்தவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் விவசாயப் பட்டதாரி. தம்பலகாமத்து வயல்களில் பல வருடங்கள் உத்தியோகம் பார்த்துவிட்டு, விடுதியின் தோட்டத்துக்குப் பொறுப்பாகப் போனேன். ராத்தா அங்கே களை பிடுங்குபவர். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர்; அக்கா என்ற பொருளில் எல்லோரும் ராத்தா என்றே அழைத்தோம். நான் போய்ச் சேர்ந்த மாதத்தில் கடற்பக்கப் புல்வெளி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நெல்லுக்கு எவ்வளவு யூரியா போடவேண்டும் என்று பார்க்கும் இலை வண்ண அட்டை என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் புல்லின் மேல் பிடித்தேன். களைக் கூடையோடு வந்த ராத்தா சற்று நேரம் நின்று பார்த்தார்.

"சேர், அறுவடை எப்ப?" என்றார்.

மற்றப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குச் சுள்ளென்றது. மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு, இதில் கதைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"எந்த இலை மஞ்சள் எண்டு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ராத்தா குந்தியிருந்து ஒரு புல்லை வேரோடு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடியில் இருந்த முதிர்ந்த இலைகள் பச்சையாக இருந்தன. நுனியில் புதிதாய் விரிந்த இலைதான் வெளிறியிருந்தது. அதிலும் நரம்புகள் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சள். "பழைய இலை மஞ்சளானா புல்லுக்குப் பசி. புது இலை மஞ்சளானா, சோறு முன்னுக்கு இரிக்கி, தின்ன ஏலாம இரிக்கி" என்றார். பல்கலைக்கழகத்தில் இதே விடயத்தை ஒரு முழுப் பாடமாகப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். தழைச்சத்து இலை விட்டு இலைக்கு நகரும், ஆகவே குறைவு முதலில் முதிர்ந்த இலையில் தெரியும். இரும்பு நகராது, ஆகவே இளம் இலையில் தெரியும். எழுதியதெல்லாம் ஞாபகம் இருந்தது. குனிந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. ராத்தா என்னை விருந்தினர் அறைகளின் பின்பக்கம் அழைத்துப் போனார். ஒவ்வொரு குளிரூட்டியின் குழாயிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடங்களில் எல்லாம் தட்டளவு வட்டமாகக் கரும்பச்சைப் புல். இரண்டு முழம் தள்ளி, கிணற்று நீர் பாயும் இடத்தில் அதே புல், நாங்கள் போடும் அதே பசளை, ஆனால் மஞ்சள். "மண்ணக் குத்தம் சொல்லாதீங்க. கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. தண்ணி சுட வைக்கிற கேத்தலுக்குள்ள பாருங்க, வெள்ளையாப் படிஞ்சிரிக்கும்." மண்ணில் இரும்பு இருந்தது, சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாமல் பூட்டி வைத்திருந்தது. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப நான் பொதி கட்டி வைத்திருந்த மண் மாதிரி அன்று என் மேசையில் கிடந்தது. ராத்தாவுக்கு அது தேவைப்படவில்லை. அந்த வட்டங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை. எத்தனை பேர் அந்த வழியால் நடந்திருப்போம்.

கந்தளாயில் ஒரு பூங்கன்றுத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், வெளிறிய வெட்சிச் செடிகளுக்கு அன்னபேதி கரைத்துத் தெளித்ததை அவர் கண்டிருந்தார். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அந்தப் பச்சை இரும்பு உப்பைத்தான் நாங்கள் பெரசு சல்பேற்று என்று படித்தோம். அடுத்த நாள் கொஞ்சம் வாங்கிவந்தார். வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு பாயளவு இடத்தில் மட்டும், இலை நனையும் அளவுக்குத் தெளித்தார். நடைபாதைக் கல்லில் படாமல் சாக்கு விரித்துக்கொண்டார்; பட்டால் துருக்கறை போகாது. கரைசலைக் கூட்டலாமே என்றேன். "கூடினாப் புல்லுக் கறுக்கும் சேர். மருந்து சோறில்ல" என்றார். நான்காம் நாள் காலையில் அந்தப் பாயளவு இடம் மட்டும் பச்சையாக எழுந்து நின்றது.

முகாமையாளர் அதைப் பார்த்தார். ஆனால் பத்து நாளில் புல்வெளியில் ஒரு திருமணம் இருந்தது. நாட்டு மருந்துக் கடைச் சரக்கை நம்ப அவர் ஆயத்தமாக இல்லை. யூரியாவை இரட்டிப்பாகப் போடும்படி எனக்கு உத்தரவிட்டார். ராத்தா யூரியா வாளியைத் தொடவில்லை. "நான் வீச மாட்டன். நீங்களும் வீச வேணாம்" என்றார். நான் வேறு இருவரைக் கொண்டு உச்சி வெயிலில் வீசுவித்தேன். அன்று மின்சாரம் தடைப்பட்டு மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் விடாமலே விட்டேன். மறுநாள் கை வீச்சின் கோடுகள் அப்படியே புல்வெளியெங்கும் கருகிக் கிடந்தன.

அறிக்கையை முகாமையாளரே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். "பணியாளர் தண்ணீர் விடத் தவறியமையால்" என்று இருந்தது. பணியாளரின் பெயரும் இருந்தது: ராத்தாவின் பெயர். வாசித்தேன். கையெழுத்திட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடுவிக்கவில்லை.

அன்று பின்னேரம் ராத்தா தன் கூடையை எடுத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "இனி மோட்டார் ஓடுமெல்லோ? மூணு நாளைக்கு நல்லா நனைய விடுங்க, போட்டதெல்லாம் கீழ இறங்கட்டும். வேர் சாகல்ல, பாத்தனான்" என்றார். பிறகு, "நான் எரிச்சதெண்டு எழுதினத மட்டும் மாத்துங்க சேர். எனக்கு வேற இடத்துல வேலை வேணும்" என்றார். "ஓம், மாத்துறன்" என்றேன்.

அவர் சொன்னபடி நனைத்தோம், புல் பிழைத்தது. நான் சொன்னபடி எதையும் மாற்றவில்லை. கடற்கரையில் ஐந்து விடுதிகளில் ராத்தா வேலை கேட்டுப் போயிருக்கிறார். "புல்ல எரிச்ச பொம்பிளையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசிவரை மூதூரில் ஒரு ஆலையில் நெல் புடைத்துத்தான் சீவித்தார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நஸ்ரினிடம் போய், எல்லாவற்றையும் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. உம்மா நல்லவ எண்டு எழுத வேணாம். மௌத்தானா எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. வேலை தெரிஞ்சவ எண்டு எழுதுங்க."

விடுதிக்கும், அந்த ஐந்து இடங்களுக்கும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. ராத்தாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, ஒரு பயிரைப் பற்றி வாய் திறக்கும் முன் அதன் அருகே குந்தியிருக்கும் பழக்கம் ஒன்றைத்தான். மற்றது, வேலை தெரிந்தவர் என்ற பெயர், அவருக்கு உரியது. ஆறு வருடம் பிந்தித் திருப்பிக் கொடுக்கிறேன். சல்மா ராத்தாவுக்கு வேலை தெரியும். அந்தப் புல்லை எரித்தவன் நான்.