மலை முகட்டில் அக்கா சொன்னது

அத்தானின் ஆண்டுத்திவசம் முடிந்த அடுத்த கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். டாவோசில் ஒரு மலை வழிகாட்டியை ஒழுங்குசெய்ய வேண்டும், நானும் கூட வரவேண்டும் என்றார்.

"என்னத்துக்கு வழிகாட்டி? நாங்கள் அங்கதானே வளர்ந்தனாங்கள்."

"பிஸ்டில சறுக்க இல்லையடா. பின்பக்கச் சரிவால இறங்க."

டாவோசில் எங்கள் அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அக்காவும் நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து பனியில் சறுக்கப் பழகினோம். பிஸ்ட் என்பது இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதை. இரு பக்கமும் கம்பம் நட்டிருக்கும், விழுந்தால் தூக்க ஆள் வரும். அதற்கு வெளியே மலை தன்பாட்டில் கிடக்கும். கம்பத்தைத் தாண்ட மாட்டோம் என்று அம்மா சாமிப்படத்தின் முன்னால் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

என்னைவிட அக்காதான் நன்றாகச் சறுக்குவார். கலியாணம் கட்டி ஓர்லிகோனுக்குப் போனதோடு அதை விட்டுவிட்டார். அத்தானுக்குப் பனி பிடிக்காது. ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில், ஓர்லிகோன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தவர் எழும்பவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அக்கா முதியோர் இல்லத்து வேலைக்குப் போவார், வருவார், லைட் போடாமல் மேசையில் இருப்பார். ஞாயிறுகளில் நான் சாப்பாடு கொண்டுபோவேன். குளிர்பெட்டியைத் திறந்தால் போன ஞாயிறு கொண்டுபோனது தொடாமல் இருக்கும். அதனால் அவர் வாய்திறந்து ஒன்றைக் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வழிகாட்டி ஐம்பது தாண்டிய பெண். குள்ளமான உருவம், வெயிலில் தடித்த முகம். சம்மதிப்பதற்கு முன் எங்களை டாவோஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கஃபேக்கு வரச்சொன்னார். எவ்வளவு நன்றாகச் சறுக்குவோம் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏன் அந்தச் சரிவு?"

"அழகாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன்," என்றார் அக்கா.

வழிகாட்டி அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கு நான் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்குச் சம்மதமென்றால் வருகிறேன்."

"சம்மதம்."

நாங்கள் மலைக்குப் போன நாளில் வானம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. முந்திய நாட்களில் பனி நிறையக் கொட்டியிருந்தது. அடிவாரத்தில் வழிகாட்டி எங்கள் நெஞ்சில் ஆளுக்கொரு கருவியைக் கட்டிவிட்டார். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியில் கேட்கும் சத்தத்தை வைத்துத் தேட வேண்டும். ஒரு கருவியைப் பனிக்குள் புதைத்துவிட்டு எங்களைத் தேடச் சொன்னார். நான் தடுமாறினேன். அக்கா நேராகப் போய் எடுத்துக் கொடுத்தார், முகத்தில் எந்த அக்கறையும் இல்லாமல்.

லிஃப்ட் விட்ட இடத்திலிருந்து ஸ்கீயைத் தோளில் சுமந்து முகட்டுக்கு ஏறினோம். அந்தப் பக்கம் சரிவு மேகத்துக்குள் இறங்கி மறைந்தது. வழிகாட்டி சவளால் இடுப்பளவு குழி தோண்டி, பனிச்சுவரில் ஒரு துண்டை வெட்டி, மேலே கையால் தட்டினார். பாதிப் பாளம் அப்படியே வழுக்கி அவர் காலடியில் விழுந்தது.

"பனிக்குப் பிடிப்பில்லை, இடிந்து விழும். இன்றைக்கு இல்லை," என்றார்.

"ஓரமாக இறங்கலாம். என் பொறுப்பில் இறங்குகிறேன்," என்று அக்கா ஜெர்மனில் சொன்னார்.

"உங்கள் பொறுப்பு என்று இங்கே தனியாக ஒன்றில்லை. நீங்கள் புதைந்தால் தோண்டப் போகிறவர் உங்கள் தம்பி."

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமோ அழுகையோ இல்லாத குரலில் தமிழில் சொன்னார்.

"தோண்டத் தேவையில்லையெண்டு அவவிட்டச் சொல்லு. நான் கீழ போய்ச் சேரோணுமெண்டு வரேல்லை."

"என்னக்கா கதைக்கிறியள்?"

"உனக்கு விளங்கினது தானே."

வழிகாட்டிக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் அவர் நகர்ந்துவந்து அக்காவுக்கும் சரிவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "எனக்கு முன்னால் போங்கள்," என்று ஏறிவந்த பக்கத்தைக் காட்டினார்.

மூடுபனிக்குள் இறங்கினோம். ஒரு சாதாரண வளைவில் அக்கா விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை, ஆனால் எழும்பவில்லை. வழிகாட்டி தன் ஸ்கீயைக் கழற்றிவிட்டு, பனியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கிட்டப் போகத் துணிவில்லாமல் நான் மேலேயே நின்றேன்.

கீழே வந்ததும் அக்கா கழிவறைக்குப் போனார். வழிகாட்டி கேட்டார்: "மேலே உங்கள் அக்கா என்ன சொன்னார்?"

கோபத்தில் ஏதோ சொன்னார் என்று மழுப்பியிருக்கலாம். வாய்வரை அதுதான் வந்தது. ஆனால் சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். சொல்லிமுடித்தபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் குனிந்து சப்பாத்தின் கொளுவிகளைக் கழற்றிக்கொண்டே பேசினார். "அந்தச் சரிவைக் கேட்டு வருகிற சிலர் இறங்குவதற்காக வருவதில்லை. கஃபேயிலேயே யோசித்தேன். இன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். டொக்டருக்கு இப்போதே சொல்லுங்கள்."

ரயிலில் பெட்டிக்கு வெளியே நின்று அக்காவின் டொக்டருடன் தொலைபேசியில் பேசினேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில கிழமைகள் அவரை மனநலக் கிளினிக்கில் வைத்திருந்தார்கள். நடந்ததை டொக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். முதல்முறை பார்க்கப் போனபோது அக்கா கேட்டார்: "தமிழில உனக்குச் சொன்னதை ஏன்டா அந்த வெள்ளைக்காரிக்குச் சொன்னனி?"

"பயந்திட்டன் அக்கா."

"ம்," என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சரிவில் பனி இடிந்து விழவில்லை. அக்கா யாரிடமோ விசாரித்திருக்கிறார். வசந்தத்தில் சொன்னார்: "அது விழேல்லை. இறங்கியிருக்கலாம்." அன்று விழுந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அக்கா ஃப்ரிபூர்க்கில் இருக்கிறார். வேலை மாறிக்கொண்டு போனார், பிரெஞ்சு படிக்கிறார், டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காகப் போடுகிறார். எப்போதாவது நான் போவேன். சமைத்து வைத்திருப்பார், இருவரும் சாப்பிடுவோம். வாடகை வாங்கும் வீட்டுக்காரரைப் பற்றி, அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கதைப்பார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருதரம் கேட்டேன், "என்னோட இன்னும் கோவமோ?" "இல்லை," என்றார், தட்டுகளை எடுத்துக்கொண்டே. "ஆனா உனக்கு முந்தி மாதிரிச் சொல்ல ஏலாது."

நான் வெளிக்கிடும்போது பஸ் தரிப்புவரை கூட வருவார். பஸ் வெளிக்கிடும் முன்னரே திரும்பி நடந்துவிடுவார். ஜன்னலால் பார்த்தால் அவருடைய முதுகு தெரியும், மேட்டில் மெதுவாக ஏறிப் போய்க்கொண்டிருக்கும்.