முதலாளி தூங்க வேண்டும்

என் அக்கா புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறினால்தான் அது வெளியே வரும். மற்றபடி தெருவுக்கே அவர் பம்பரம். சலூன் வைத்திருக்கிறார்.

மாமா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவது நின்றுகொண்டு, டீ குடிப்பது நடந்துகொண்டு. கைபேசியில் பேச ஆரம்பித்தால் கடை வாசலில் தொடங்கித் தெருமுனையில் முடிப்பார். எங்கள் குடும்பப் படத்தில் எல்லோர் முகமும் பளிச்சென்று இருக்கும், மாமா மட்டும் கலங்கலாக இருப்பார். படம் எடுப்பவர் "அசையாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அசைந்துவிட்டார்.

நான் அதற்கு நேர்மாறு. சலூனை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்து உட்கார்ந்தே பிழைப்பவன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மெல்லிய சுவர். மாமாவின் செருப்புச் சத்தம் நாள் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பல தடவை சுவரைத் தட்டி, "மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்களேன்!" என்று கத்தியிருக்கிறேன். அவர் பதில் சொல்வார். ஆனால் பதில் ஒரு மூலையில் தொடங்கி இன்னொரு மூலையில் முடியும்.

அந்தச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தே வரும். சின்ன நகங்கள் தரையில் படுகிற சத்தம். அது முதலாளி.

முதலாளி என்பது நாய். குள்ளமான பழுப்பு நாய், ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும். குட்டியாக இருக்கும்போது எங்கிருந்தோ கடைக்குள் வந்து, காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் ஏறிக்கொண்டு, பின்னறையிலிருந்து வந்த மாமாவைப் பார்த்து உறுமியது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி இருந்ததாம். கடைக்கு யார் முதலாளி என்று முடி வெட்ட வந்தவர் கேட்டார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து மாமா எங்கே போனாலும் அது பின்னால் போகும். அவர் நாற்காலியைச் சுற்றி வந்து முடி வெட்டினால் அதுவும் நாற்காலியைச் சுற்றும். நடந்தே இரண்டு பேரும் வயதானார்கள்.

இருமல் வந்தபோது எல்லோரும் ஒன்றையே நினைத்தோம். சலூன் நாய், தொண்டையில் முடி சிக்கியிருக்கும். எதையோ கக்கப் பார்ப்பது போல இருமியது. ஆனால் ஒன்றும் வராது. அக்கா அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். மாமா ஒவ்வொரு தலைக்குப் பிறகும் கடையைப் பெருக்க ஆரம்பித்தார். நாற்காலிக்கு அடியில், பெஞ்சுக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால். அவர் துடைப்பத்தோடு போகிற இடமெல்லாம் முதலாளியும் இருமிக்கொண்டே போனது.

ஒருநாள் காலை, வீட்டு மாடியிலிருந்து கடைக்கு இறங்கும் படிக்கட்டில் அது சுருண்டு விழுந்தது. மாமா தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதன் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார்.

"இதயம் பெருத்துப்போச்சு. உள்ள இருக்கிற வால்வு சரியா மூடல, ரத்தம் பின்பக்கமா ஒழுகுது. அதனால நுரையீரல்ல நீர் கோத்துக்குது. பெருத்த இதயம் மூச்சுக்குழாயை வேற அழுத்துது. அதான் இந்த இருமல்."

"முடி இல்லையா டாக்டர்?"

"முடி இல்ல."

மாமா முகம் விழுந்துவிட்டது. முடியாக இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். அது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"குணமாயிடுமா?"

"ஆகாது. வயசாயிடுச்சு. ஆனா மாத்திரையும் ஓய்வும் சரியா கெடைச்சா கொஞ்ச காலம் நிம்மதியா இருக்கும். நல்லா தூங்கும்போது வயிறு எப்படி ஏறி எறங்குதுன்னு தினமும் பாருங்க. வேகமாச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

"தூங்கும்போதா?" மாமா யோசித்தார். "நான் பாக்கும்போதெல்லாம் முழிச்சுக்கிட்டுதானே இருக்கு."

இதைச் சொல்லிக்கொண்டே ஜன்னலுக்குப் போனார். வெளியே எட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். கதவுப் பிடி ஆடுகிறதா என்று அசைத்தார். மேசையில் கிடந்த முதலாளி, அவர் திரும்பிய திசைக்கெல்லாம் முன்காலை ஊன்றி எழப் பார்த்தது. எழ முடியாமல் விழுந்தது. மறுபடியும் ஊன்றியது. டாக்டரம்மா நாயையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"பரவாயில்ல டாக்டர், எனக்கு நின்னுதான் பழக்கம்."

"உங்களுக்காகச் சொல்லல. நீங்க நடக்குற வரைக்கும் அது படுக்காது. அது படுக்கலைன்னா நான் குடுக்கிற மாத்திரையெல்லாம் வீண்."

மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதலாளி அவரையே பார்த்தபடி தாடையை மேசையில் வைத்தது. அவர் முழங்கால் ஆட ஆரம்பித்தது. நாயின் மடங்காத காது நிமிர்ந்தது. நான் கையை நீட்டி அந்த முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாத்திரை கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. நீர் பிரிகிற மாத்திரை என்பதால் அடிக்கடி வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதை மாமா சந்தோஷமாகச் செய்தார், நடக்கிற வேலை அல்லவா? அவருக்கு வராத ஒரே வேலை சும்மா இருப்பது. அதிலும் கவலை வந்தால் மாமாவுக்குக் கால் இன்னும் வேகம் பிடிக்கும். நாய்க்கு மூச்சு வாங்குகிறதே என்று நடப்பார். அவர் நடப்பதால் அது பின்னால் வரும். அது வருவதால் மூச்சு வாங்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா ஒரு யோசனை சொன்னாள். கடை நேரத்தில் அதை மாடியில் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றாள். நல்ல யோசனைதான். கதவைச் சாத்தியதும் முதலாளி அழ ஆரம்பித்தது. கதவைப் பிறாண்டியது. கீழே மாமா, வந்திருந்த ஒருவர் தாடியில் பாதியை எடுத்துவிட்டு மீதியை மறந்து கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைந்தார். திடீரென்று அழுகை நின்றது. அக்கா மேலிருந்து அலறினாள். நான் போனபோது முதலாளி கதவோரம் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. மறுபடியும் டாக்டர், ஊசி, மூக்கில் பிராணவாயு. டாக்டரம்மா மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

பிறகு மாமா எங்கிருந்தோ சக்கரம் வைத்த முக்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். "இனிமே உக்காந்துதான் வேலை" என்று பெருமையாகச் சொன்னார். உட்கார்ந்தார், உண்மைதான். ஆனால் உட்கார்ந்தபடியே உருண்டார். இடது காதிலிருந்து வலது காதுக்கு, அங்கிருந்து பின்னங்கழுத்துக்கு, சீப்பை எடுக்க அலமாரிக்கு. சக்கரம் கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் முதலாளி தள்ளாடி எழுந்தது. என் கடையிலிருந்து எழுந்து போய் அந்த முக்காலியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வந்தேன்.

"என்ன மாப்ளே, கோவமா?"

"கோவம் இல்ல மாமா. வயித்தெரிச்சல்."

அன்று மதியம் சோறு கொண்டுவந்த அக்காவுக்குத்தான் உண்மையான கோபம் வந்தது. மாமா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும், அவருடைய முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் நடுங்கிப்போனோம்.

"உங்களைச் சுத்திச் சுத்தியே அது சாகப்போகுது. இந்தா நிக்குதே, இது சுத்துற நாற்காலிதானே? ஆளைச் சுத்தி நீங்க ஏன் ஓடுறீங்க? ஆளைச் சுத்தி விட்டா என்ன?"

மாமா சட்டென்று நின்றார். அந்த நாற்காலி சுற்றும் என்பது அவருக்குத் தெரியும். வாங்கிய அன்றே அதன் அடியில் உள்ள பூட்டைத் திருகி அசையாமல் செய்தவரே அவர்தான். அது அவருடைய தொழில் கௌரவம். வந்தவர் கண் கண்ணாடியை விட்டு விலகக் கூடாது, தன் தலையில் என்ன நடக்கிறது என்று கடைசி வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பார். நாற்காலியைச் சுற்றுகிறவன் எதையோ மறைக்கிறவன் என்பார். அதற்காகத்தான் இத்தனை வருஷம் அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையில் வட்டமாக ஒரு தடமே போட்டு வைத்திருந்தார்.

சாப்பிட்டு முடித்தார். பிறகு தரையில் படுத்து நாற்காலிக்கு அடியில் தலையை விட்டார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டார், என் மெஷின் எண்ணெயை வாங்கிப் போட்டார், சுத்தியலால் தட்டினார். முதலாளி அவருடைய இடுப்போரம் படுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு முனகலோடு நாற்காலி திரும்பியது.

முதலில் மாட்டியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மீசை என்றால் உயிரை விடுவார். மாமா கண்ணாடி மேசையோரம் ஒரே இடத்தில் நின்றுகொண்டார். முதலாளி அவர் காலடியில். வலப்பக்கம் முடித்ததும் நாற்காலியை மெல்ல ஒரு தள்ளு தள்ளினார். தபால்காரர், முகம் முழுக்க நுரையோடு, திறந்த வாசலுக்கு நேராக வந்து நின்றார்.

"யோவ் பம்பரம்! கண்ணாடி எங்கய்யா? தெருவே என்னைப் பாக்குது!"

"கொஞ்சம் பொறுத்துக்கங்க சார். நான் நகர முடியாது."

"ஏன், கால்ல அடியா?"

"இல்ல சார். முதலாளி தூங்கணும்."

தபால்காரர் குனிந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், நுரை உள்ளே போனதால் நிறுத்திக்கொண்டார். போகும்போது மீசையைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார். எல்லோரும் அவரைப் போல இல்லை. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றார் மாமா. ஆனால் சொல்லும்போது கட்டைவிரலால் சீப்பின் பல்லை நிமிண்டிக்கொண்டே இருந்தார். கால் அடங்கினால் கை அடங்குமா?

அடுத்து வந்த ஒரு நாள், எதையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தேன். ஏதோ சரியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் இல்லை, நகச் சத்தம் இல்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். போட்டது போட்டபடி ஓடினேன். மாமா கத்தரிக்கோலை உதட்டில் வைத்து, உஸ் என்றார். முதலாளி அவர் பாதத்தின் மேல் தலையை வைத்து, மடங்கிய காது தொங்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. வயிறு நிதானமாக ஏறியது, இறங்கியது. மாமா கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், மறைப்பானேன்?

"கால் மரத்துப்போச்சு மாப்ளே," என்று கிசுகிசுத்தார். "அந்தச் சீப்பை எடுத்துக் குடு."

டாக்டரம்மா கேட்டுச் சந்தோஷப்பட்டார். மாத்திரை இனிமேல் ஒழுங்காக வேலை செய்யும் என்றார். நுரையீரலில் நீர் குறைந்திருந்தது. ஆனாலும் இதயம் பழைய இதயம்தான் என்பதை அவர் மறைக்கவில்லை.

போன வாரம் நான் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். என்னை முதலாளி பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார் மாமா. அது தன் பாயில் படுத்திருந்தது. அப்போது பின்னறையில் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற சத்தம். மாமா எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பழைய பம்பரமாகப் பாய்ந்து ஓடினார்.

நான் முதலாளியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். தேவைப்படவில்லை. அது கண்ணைத் திறந்தது. அவர் போன திசையைப் பார்த்தது. வாலை ஒரு தட்டுத் தட்டியது. முன்காலை ஊன்றப்போகிறது என்று நினைத்தேன். ஊன்றவில்லை. தாடையைப் பாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மாமா சொட்டச் சொட்ட நனைந்து, தலையில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார். பாயைப் பார்த்து அப்படியே நின்றார்.

"வரலையா?"

"வரல மாமா. பாத்துச்சு, படுத்துக்கிச்சு."

"நெசமாவா?" மறுபடியும் பின்னறை வரை போனார். வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார். திரும்பி வந்தார். இந்தத் தடவை அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுதானே மாமா நமக்கு வேணும்?"

"ஆமா, இதுதான் வேணும்." ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். "போனா திரும்பி வந்துடுவேன்னு தெரிஞ்சுக்கிச்சா மாப்ளே? இல்ல, எழுந்திரிக்க முடியலையா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

கடைக்கு நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். போவதற்கு இடம் இருந்தது, பின்னால் வர ஆள் இல்லை. அலமாரி வரை ஓர் அடி எடுத்து வைத்தார். நிறுத்தினார். திரும்பி வந்து, பாய்க்குப் பக்கத்தில், முடி சிதறிக் கிடந்த தரையில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. முழங்கால் ஆடவில்லை. முதலாளி தூக்கத்திலேயே நகர்ந்து முதுகை அவர் தொடையில் சாய்த்துக்கொண்டது.

என் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய், பின்னறையில் இன்னும் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தேன். வாசலில் தபால்காரர் மீசையை நீவியபடி நின்றிருந்தார்.

"என்ன பம்பரம், கடை உண்டா இல்லையா?"

"உண்டு சார்," என்றார் மாமா, அதன் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல். "உக்காருங்க. நானும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்."