கெட்டவன் சொல்லாத சொல்

என் அப்பாவைத் தெருவில் எல்லோரும் 'ரெட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இரட்டைப் பிறவி அல்ல. உடன்பிறந்தவர்களே கிடையாது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஒரு வாரத்தால் வந்த பெயர் அது.

அவர் டப்பிங் கலைஞர். வேறு மொழியில் எடுத்த தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர். அதற்கு முன்னால் காகிதக் கிடங்கில் வேலை. இருப்புப் பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் அடுக்கைச் சரிபார்ப்பார். படித்தவர் அப்பா. பக்கத்துக் கட்டடம் ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சண்டைக்கு வந்த ஒலிப்பதிவாளர் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

அதன்பின் முப்பத்து நான்கு வருடம். பெரும்பாலும் உதிரிக் குரல்கள். காவலாளி, நீதிபதி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கெட்ட செய்தி சொல்லும் டாக்டர், கூட்டத்தில் கத்தும் நாலு பேர். மாதத்துக்கு ஒரு முறையாவது செத்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

"இன்னிக்கு எப்படிச் செத்தீங்க?" என்று அம்மா கேட்பாள்.

"மாடிலேருந்து விழுந்து. மூணு டேக்."

அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய வேடம், ஒரு விண்வெளித் தொடரில் வந்த இயந்திர மனிதன். கதாநாயகர்களுக்குப் பேசுகிறவர் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உணர்ச்சியே இல்லாத பொம்மைக்குப் பேச என் தொண்டை எதற்கு என்பது அவர் கேள்வி. அப்பாவுக்கு அந்த மாதிரி மானம் எதுவும் இல்லை. இருபத்தாறு வாரம் பேசினார். இயந்திர மனிதன் நல்லவன், பொய் சொல்லத் தெரியாதவன், அச்சடித்தாற்போல எழுத்துத் தமிழில் பேசுபவன். "உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை." "அது சாத்தியமில்லை."

பதினேழாவது வாரம் அவனுடைய இரட்டை வந்தான். அதே பட்டறை, அதே முகம், அதே நடிகர். நல்லவனை ஒரு அலமாரியில் பூட்டிவிட்டு அவன் இடத்தில் நின்றுகொண்டு, கப்பலின் குடிநீரில் மயக்க மருந்தைக் கலக்கப் பார்க்கிறவன். வசனம் எழுதியவர் இருவருக்கும் ஒரே எழுத்துத் தமிழைக் கொடுத்திருந்தார். படம் பார்த்தால்தான் யார் எவன் என்று தெரியும். சமையல்கட்டிலிருந்து கேட்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். கெட்டவன் வீட்டுப் பேச்சு பேசட்டும் என்றார்.

"கெட்டவன் மட்டும் நம்மள மாதிரி பேசுவானா?" என்று வசனகர்த்தா கோபப்பட்டாராம்.

"நம்மள மாதிரி பேசினாத்தானேய்யா நம்புவாங்க."

அது நிலைத்தது. இன்னொன்றையும் சேர்த்தார். நல்லவன் ஒவ்வொரு வாரமும் அறையை விட்டு வெளியேறும்போது "போய் வருகிறேன்" என்பான். கெட்டவன் "போறேன்" என்று மட்டும் சொல்லவேண்டும்.

அது ஒளிபரப்பானபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் "சரி, போறேன்" என்று கேட்டதும், தண்ணீரை நிறுத்தாமலே சொன்னாள்:

"போறேன்னு சொல்றவன் நம்மாளு இல்ல."

கப்பலில் இருந்தவர்கள் கண்டுபிடிக்க அதற்குப் பிறகு பதினோரு நிமிடம் ஆனது. தன் வாழ்நாள் முழுக்க அப்பா பெற்ற ஒரே விருது அம்மாவின் அந்த வாக்கியம். வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

நான் மின்னணுப் பொறியியல் படித்தேன். லிஃப்ட்களுக்குப் பேசும் கருவி செய்யும் நிறுவனத்தில் வேலை. 'தளம்' தனியாக, 'பன்னிரண்டு' தனியாக, 'கதவுகள் திறக்கின்றன' தனியாகப் பதிந்து, கேட்கிறவருக்கு ஒட்டு தெரியாமல் சேர்ப்பது என் தொழில். அப்பா ஒரு முறை வந்து கேட்டுவிட்டு, "நல்லவனை லிஃப்ட்டுக்குள்ள அடைச்சுட்டியே பாப்பா" என்றார்.

போன வருடம் அவர் குரல்வளையில் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். எடுப்பதற்கு மூன்று வாரம் இருந்தது. நானூறு வாக்கியங்கள் தயார் செய்தேன். அவர் படித்தால், பிறகு அவர் குரலிலேயே பேசும் கருவி செய்துவிடலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். கடைசியில் உட்கார வைத்தேன். முதல் வாக்கியத்தைப் படித்தார். கரகரவென்று வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"கெட்டுப்போன குரல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

அவர் குரல் மிஞ்சியது ஒரே ஒரு நாடாவில். கூடத்தின் மற்ற நாடாக்களை அழித்து வேறு தொடர்களைப் பதிந்துவிட்டார்கள். பதினேழாவது வாரத்து நாடாவை மட்டும் ஒலிப்பதிவாளர் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். பின்னணி இசை இல்லாத, குரல் மட்டும் உள்ள நாடா. நல்லவன் பேசியது எண்பத்து நான்கு வரி, கெட்டவன் அறுபத்தொன்று.

சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். வரிக்கு ஒரு பொத்தான். ஒரு பக்கம் நல்லவன், மறுபக்கம் கெட்டவன். அப்பா நல்லவன் பக்கத்தைத் திருப்பவே இல்லை. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? கெட்டவனிடம்தான் நமக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. "வா." "சாப்பிட்டாச்சா?" "கதவ மூடு." "பயப்படாத." அம்மா கஞ்சியை நீட்டினால், "இதக் குடிச்சா எல்லாரும் தூங்கிடுவாங்க" என்ற பொத்தானை அழுத்துவார். ஊசி போட வந்த நர்ஸிடம், "உன்ன மட்டும் உயிரோட விடமாட்டேன்." அந்த நர்ஸ் ஊசியை மேலே தூக்கிக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினோரு மாதம் எங்கள் வீட்டில் அப்பாவாக இருந்தது அந்தக் கெட்டவன்தான்.

ஒரு சொல் மட்டும் அவனிடம் இல்லை. வெளியே கிளம்பும்போது அப்பா கையை மட்டும் காட்டுவார். ஒரு நாள் ஸ்கேன் எடுக்கக் கிளம்பினோம். அம்மா சமையல்கட்டில் இருந்தாள். கை காட்டினால் தெரியாது என்று நினைத்திருப்பார், பொத்தானை அழுத்தினார்.

"போறேன்."

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சு வேணாம். அத எடுத்துடு பாப்பா."

அன்று மாலையே எடுத்துவிட்டேன். காலியான பொத்தானின் மேல் 'வரேன்' என்று எழுதி ஒட்டினேன். ரெண்டு நாளில் போட்டுத் தருவதாக அப்பாவிடம் சொன்னேன். அவர் வேறொரு பொத்தானைத் தேடி அழுத்தினார். "நீ செய்வேன்னு தெரியும்." நாடாவில் கெட்டவன் அதை ஏளனமாகச் சொல்வான்.

சொல்லை உண்டாக்குவது கடினமில்லை. நல்லவனின் 'வருகிறேன்' என்பதிலிருந்து 'வ'. கெட்டவனின் 'போறேன்' என்பதிலிருந்து 'றேன்'. பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றுதான். சேர்த்தேன். முதல் பாதி ஏற்ற இறக்கம் இல்லாமலும் இரண்டாம் பாதி இறங்கியும் நின்றது. ஆரம்பித்தவன் ஒருவன், முடித்தவன் இன்னொருவன். சுருதியை ஏற்றினேன், இறக்கினேன், இடைவெளியைக் குறைத்தேன். நாற்பத்து மூன்று முறை செய்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒட்டு எனக்குக் கேட்டது. அப்பாவின் காதை எனக்குத் தெரியும். ஒட்டுப் போட்ட சொல்லை அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

ஸ்கேனில் உணவுக்குழாயில் புற்று மறுபடி வளர்ந்திருப்பது தெரிந்தது. இன்னொரு ஆபரேஷன். காலை ஒன்பது மணிக்குத் தள்ளுபடுக்கையில் அழைத்துப் போனார்கள். தடுப்புக் கதவு வரை நானும் அம்மாவும் கூடப் போனோம். அங்கே படுக்கையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். மடியில் பெட்டி இருந்தது.

அழுத்தினார். சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். இன்னொரு முறையும். பொத்தானில் என் கையெழுத்து. 'இன்னும் போடலப்பா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பெட்டியைப் பக்கம் மாற்றி, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்து, ஒரு பொத்தானில் நிறுத்தினார்.

"போய் வருகிறேன்."

முப்பது வருடத்துக்கு முந்தைய குரல். தெளிவாக, அழுத்தந்திருத்தமாக, உணர்ச்சியே இல்லாமல். படுக்கையைத் தள்ளிய பணியாளர் திரும்பிப் பார்த்தார்.

"சரிங்க. போயிட்டு வாங்க," என்றாள் அம்மா.

அவர் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

பழுது பார்க்க உதவும் என்று, எந்தப் பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது என்பதைப் பெட்டி குறித்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். 9:12, காலிப் பொத்தான். 9:12, காலிப் பொத்தான். 9:12, காலிப் பொத்தான். 9:13, நல்லவன் பக்கம், எண்பத்து நான்காவது வரி. பதினோரு மாதத்தில் அந்தப் பக்கத்தில் அழுத்தியது அது ஒன்றுதான்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். கணினியில் வரிசையாக இருந்த நாற்பத்து மூன்று கோப்புகளைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். போடச் சொன்னாள். ஒவ்வொன்றாகப் போட்டேன். வரேன். வரேன். வரேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்பத்து மூன்றையும் நின்றபடியே கேட்டாள்.

"இதுல என்ன பாப்பா குறை?"

ஒட்டு கேட்கிறது என்றேன். நடுவில், 'வ'வுக்கும் 'றே'வுக்கும் இடையில்.

"எனக்குக் கேக்கல. எல்லாமே அவர்தானே." பிறகு, "மொதல் தடவை போட்டியே, அதே நல்லாத்தான இருக்கு," என்றாள்.

முதல் கோப்பின் தேதியைப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் முன்பு.